கேரவன் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? புதுசு வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் எங்கள் கேரவனை இழுத்துக்கொண்டு போய், பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் நண்பர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்கு அதுதான் அடுப்படி, களைத்தவர்கள் காலை நீட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். இரவு 10 மணி வாக்கில் விளக்கு மங்கியது. தண்ணீர் பம்பைப் போட்டால் இன்னும் மங்கியது, பம்ப் முனகியது. சுற்றி நின்ற நாலு பேரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: "பேட்டரி போச்சுண்ணே."

மறுவாரமே புதுசு வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதுவும் மங்கியது. இன்னொன்று வாங்கினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 20 வருடம் மீட்டரும் கையுமாக நின்ற ஆள் நான். சொந்த வண்டிக்கு மட்டும் மீட்டரை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்றால், வண்டிச் சட்டத்தில் எர்த் வயரைப் பிடித்திருந்த ஒரு துருப்பிடித்த போல்ட்டில். நாங்கள் குடியிருப்பது தெலுக் பஹாங் பக்கம். உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரிந்தும் ஏமாந்தேன்.

இந்தக் கட்டுரை முதல்முறையாகக் கேரவனோ கேம்பர் வேனோ வாங்கியவர்களுக்கு. வரிசை முக்கியம்: முதலில் ஆபத்தை விலக்குவது, அப்புறம் அளப்பது, அப்புறம் கரண்ட் வரும் பாதையைத் துருவுவது. பேட்டரியைச் சந்தேகிப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

வண்டிக்குள் இரண்டு கரண்ட்

கேரவனுக்குள் இரண்டு தனித்தனி மின் உலகங்கள் இருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து வயர் இழுத்து ஏற்றும் வீட்டுக் கரண்ட். ஏர்கான், மைக்ரோவேவ், சுவரில் இருக்கும் பிளக் எல்லாம் அதில் ஓடும். மற்றொன்று பேட்டரி தரும் 12 வோல்ட். விளக்கு, தண்ணீர் பம்ப், விசிறி, வாட்டர் ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை இதில். இரண்டையும் இணைக்கும் பாலம் சார்ஜர். சிலர் கன்வெர்ட்டர் என்பார்கள். வீட்டுக் கரண்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக்கி பேட்டரிக்கு ஊட்டுவது அதன் வேலை. எதிர்த் திசையில் ஓடுவது இன்வெர்ட்டர். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 12 வோல்ட் சாமான் எல்லாம் செத்து, சுவர் பிளக் மட்டும் வேலை செய்தால் தேட வேண்டிய இடம் வேறு. இரண்டும் செத்திருந்தால் வேறு.

பினாங்கிலும் கே.எல்.லிலும் (கோலாலம்பூர்) ஓடும் பழைய கேம்பர்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து ரீகொண்டாக, அதாவது அங்கே ஓடிய பழைய வண்டிகளாக, வந்தவை. ஜப்பானின் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம்முடையது 230, பழைய ஆட்கள் இன்னும் 240 என்றே சொல்வார்கள். அமெரிக்க டிரெய்லர் என்றால் 120. பிரிட்டனிலிருந்து வந்த கேரவன் மட்டும் நம் வோல்ட்டேஜோடு ஒத்துப்போகும். ஆகவே, வாங்கிய வண்டியின் சார்ஜரைக் குனிந்து பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளே வாங்கும் வோல்ட்டேஜ் எழுதியிருக்கும். "100–240" என்றிருந்தால் நிம்மதி. வெறும் "100" என்றிருந்தால், முன்னவர் வைத்த, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் வயரைச் சொருகாதீர்கள். சொருகினால் பேட்டரி சார்ஜ் ஏறாததற்குக் காரணம் தேட வேண்டியிருக்காது, புகை வரும் இடமே காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக் கரண்ட் பக்கத்தில் நம் கை போகக் கூடாது. பிளக், ரீல், சுவிட்ச் இவற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து வயரிங்கைத் தொடுவது எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனின் வேலை. கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. வண்டியின் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால், ஆர்சிசிபியை மாற்றும்வரை அந்த வண்டியைக் கரண்ட்டில் இணைக்க வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் சுடும். பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி அது பழுக்கும். கைக் காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நம் ஆட்கள் காப்பைக் கழற்ற யோசிப்பார்கள், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கழற்றுங்கள். பேட்டரியைப் பிரிக்கும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். தண்ணீர் ஊற்றும் ரகப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். ஆசிட் கண்ணில் பட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கிளினிக்.

மீட்டர் சொல்லும் முதல் கதை

சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கே.எல்.காரர்களுக்கு ஜாலான் பசார் மின்சாமான் கடைகள் இருக்கின்றன; மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம். நேர்க் கரண்ட்டையும் (டிசி, பேட்டரி தரும் ரகம்) அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்றால் இன்னும் உத்தமம், வயரைக் கழற்றாமலே ஆம்பியர் பார்க்கலாம். ஆனால் விலை குறைந்த கிளாம்ப்களில் பல வீட்டுக் கரண்ட்டை மட்டும்தான் அளக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

மீட்டரை நேர்க் கரண்ட் வோல்ட்டுக்கு வைத்து, சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பை மைனஸ் முனையிலும் வையுங்கள். கவனம்: வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் பெரிய துப்பாக வரும்.

சார்ஜரைப் பிடுங்கியவுடன் அளந்தால் பேட்டரி பொய் சொல்லும். மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் வோல்ட்டைக் கூட்டிக் காட்டும். நாலைந்து மணி நேரம் எதையும் ஓட்டாமல் விட்டு அளப்பது நல்லது. அவசரம் என்றால் ஐந்து நிமிடம் விளக்கைப் போட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

ஈய ஆசிட் பேட்டரியில் ஓய்வாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஏஜிஎம் ரகம் 12.8 வரை காட்டும். 12.1, 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே போனால் காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். ஓய்வில் 10.5 பக்கம் காட்டி, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை என்றால் உள்ளே ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்கலாம். ஒவ்வொரு அறையும் சுமார் 2.1 வோல்ட், ஒன்று கழிந்தால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு எடுபடாது. நிறைந்திருக்கும்போது 13.3, 13.4, பாதியில் இருக்கும்போதும் கிட்டத்தட்ட 13.2. வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதற்கு, போகவரும் கரண்ட்டை எண்ணும் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். லித்தியம் முனையில் 0 அல்லது ஏதோ சில வோல்ட் மட்டும் காட்டினால் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் தற்காப்புக்காகத் துண்டித்திருக்கலாம். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரை இணைத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

மூன்று வழியில் சார்ஜ் வரும், எது வரவில்லை?

சுவர் கரண்ட், இழுக்கும் கார், சோலார். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சுவர் கரண்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். பேட்டரி பாதியில் இருக்கும்போது ஓய்வு வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், 12.3 என்று வையுங்கள். இப்போது வயரை இணைத்துப் பத்து நிமிடம் கழித்து அதே முனையில் அளந்தால் 13 தாண்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும். பல மணி நேரத்தில் 14.4 பக்கம் போய், நிறைந்த பின் 13.5 அளவுக்கு இறங்கி நிற்பது இப்போதைய பலகட்டச் சார்ஜர்களின் வழக்கம். பழைய கன்வெர்ட்டர்கள் சில எப்போதும் 13.8லேயே நிற்கும். அவை கெட்டுப்போகவில்லை, அவற்றின் குணமே அதுதான். மெதுவாக ஏற்றும், நிறைந்த பிறகும் காய்ச்சிக்கொண்டே இருந்து தண்ணீரை வற்ற வைக்கும்.

12.3 அசையவே இல்லையா? பாதையைத் தொடர்ந்து போங்கள். பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா, ஒரு டேபிள் விளக்கைச் சொருகிப் பாருங்கள். முகாம் இடங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ வீட்டிலிருந்து ரீலில் இழுத்த 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்தான். அந்த ரீலைச் சுற்றியபடியே வைத்து ஏர்கானைப் போட்டால் உள்ளே சூடேறி ரப்பர் உருகும், முழுதாகப் பிரித்துப் போடுங்கள். பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸையும் மாற்றிப் பாருங்கள். அடுத்து வண்டியின் சுவிட்சுப் பெட்டியில் எதுவும் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் சார்ஜரின் மேல் காது வையுங்கள். விசிறியோ மெல்லிய ரீங்காரமோ கேட்கும்.

இங்கே ஒரு துப்பு. வெளிக் கரண்ட்டை இணைத்தால் விளக்கு பிரகாசமாக எரிகிறது, பிடுங்கினால் உடனே அணைகிறது, பேட்டரியோ ஏறுவதே இல்லை. இப்படி என்றால் சார்ஜர் நன்றாகவே இருக்கிறது, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில்தான் பாலம் அறுந்திருக்கிறது. நாலு இடம் பார்க்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் வயரில் தொங்கும் ஃபியூஸ். சட்டத்தில் பொருத்திய, இரண்டு செப்பு முனை உள்ள சின்ன பிரேக்கர். மழையும் சேறும் நேரே படும் இடத்தில் இருப்பதால் துருப்பிடித்துச் சாகும். கதவோரம் இருக்கும் பேட்டரி துண்டிப்பு சுவிட்ச். நிறுத்தி வைக்கும்போது அணைத்துவிட்டு மறந்திருப்போம். கடைசியாக கன்வெர்ட்டரிலேயே இருக்கும் தலைகீழ் இணைப்புக் காவல் ஃபியூஸ்கள். பேட்டரியை ஒரு நொடி மாற்றி மாட்டினாலும் இவை போய்விடும். "நான் மாற்றி மாட்டவே இல்லை" என்று சத்தியம் செய்கிறவர்களின் வண்டியிலும் இவை எரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் எதுவும் சொல்லவில்லை.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், மீட்டரை வைத்து அளங்கள். எரிந்ததற்கு அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். 15 எரிகிறது என்று 30 போடுவது வயரையே ஃபியூஸாக்குவது.

இழுக்கும் காரிலிருந்து சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, இணைப்பைப் போட்டு, என்ஜினை ஓட்டி, கேரவன் பேட்டரியை அளங்கள். ஓய்வு வோல்ட்டைவிடக் கொஞ்சமாவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் முதலில் பிளக்கின் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் அதுதான். பிரிட்டிஷ் ஏழு பின் பிளக்கிலும் அமெரிக்க ஏழு பின் பிளக்கிலும் வெள்ளை வயர்தான் எர்த், அதை முதலில் சோதியுங்கள். பின்கள் சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் கார் பக்கத்து ஃபியூஸ் அல்லது ரிலே. புதுக் கார்களில் இன்னொன்றும் உண்டு: எரிபொருள் மிச்சம் பிடிக்க, என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். பட்டர்வொர்த்திலிருந்து கேமரன் மலைவரை ஓட்டிவிட்டு பேட்டரி கால்வாசிகூட ஏறவில்லை என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். கார் தரும் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை இடையில் வைப்பது இதற்குத் தீர்வு. கேரவனில் லித்தியம் இருந்தால் அது கட்டாயம். லித்தியம் பசியோடு இழுக்கும் ஆம்பியரில் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.

சோலார் பற்றிச் சுருக்கமாக. 100 வாட் பலகை நம் ஊரில் நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். ரம்புத்தான் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு சோலார் வேலை செய்யவில்லை என்றால் பலகை என்ன செய்யும்? ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே வரவில் பாதிக்கு மேல் போய்விடும். வெயிலில் பலகை வயரைக் கழற்றி அளந்தால் 20க்கு மேல் காட்ட வேண்டும். காட்டுகிறது, ஆனால் பேட்டரிக்கு ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைப் பாருங்கள். அதில் பேட்டரி ரகம் தப்பாக வைத்திருப்பது சகஜம். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. பிரிக்கும்போது முதலில் பலகை.

நடுவழியில் காணாமல் போகும் வோல்ட்

என் இரண்டு பேட்டரி பணமும் போன இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி நன்றாக இறங்கியிருந்தபோது சார்ஜரைப் போட்டேன். சார்ஜரின் வாயிலேயே அளந்தேன்: 14.3. முன்பக்கம் நடந்து போய் பேட்டரி முனையில் அளந்தேன்: 12.8. ஒன்றரை வோல்ட் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. இப்படிப் பார்க்கும்போது பேட்டரி காலியாக இருப்பது அவசியம். நிறைந்த பேட்டரிக்குள் கரண்ட் அதிகம் ஓடாது, ஓடாத கரண்ட் வோல்ட்டைத் தொலைக்காது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். நான் முன்பு இரண்டு முறை அளந்து ஏமாந்தது அப்படித்தான்.

அப்புறம் நீளமான வயர் ஒன்றை மீட்டர் முள்ளோடு சேர்த்துக்கொண்டு, சார்ஜரின் பிளஸ்ஸிலிருந்து பேட்டரியின் பிளஸ்வரை அளந்தேன். 0.1. அந்தப் பக்கம் சுத்தம். மைனஸிலிருந்து மைனஸுக்கு: 1.4. திருடன் அகப்பட்டான். எங்கள் வண்டியில் மைனஸ் வயர் நேரே போகாது. இரும்புச் சட்டத்தில் இறங்கி, சட்டத்தின் வழியாகப் போய், முன்னால் ஒரு போல்ட் மூலம் பேட்டரிக்கு ஏறும். அந்தப் போல்ட்டைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. வெளியில் பெயின்ட் பளபளப்பு, கழற்றினால் உள்ளே பொருபொருவென்று துரு.

தைப்பூச இரவின் கணக்கும் இதில் தீர்ந்தது. பம்ப் ஓடும்போது அதிகக் கரண்ட் அந்தத் துருவைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும், ஆகவே விளக்குக்குக் கிடைக்கும் வோல்ட் குறைந்தது. பேட்டரி முனையில் அன்றைக்கே அளந்திருந்தால் போதுமான வோல்ட் நின்றிருக்கும். சார்ஜ் ஏறாமலும் இல்லை, ஆமை வேகத்தில் ஏறியது. ஒரு இரவில் நிறைய வேண்டியது மூன்று நாள் கேட்டது. நாங்கள் மூன்று நாள் கொடுத்ததே இல்லை.

செய்த வைத்தியம்: நெகட்டிவ்வைக் கழற்றி, வயர் பிரஷ்ஷால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனைக்குப் போல்ட் மாட்டும் துளையுள்ள புது லக் அழுத்தி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பின் மேலே கிரீஸ் பூசினேன். கிரீஸ் கடைசியில்தான், நடுவில் பூசக் கூடாது. பேட்டரி முனைகளில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்ததை வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவினேன். அந்தக் கரைசல் பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மறுபடி அளந்தபோது மைனஸ் பக்க இழப்பு 0.1.

வயரின் தடிமனும் வோல்ட்டைத் தின்னும். பேட்டரி முன்னால், சார்ஜர் பின்னால், நடுவே 8 மீட்டர் என்று வையுங்கள். போகவர 16 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.2 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் அரை வோல்ட். 16 என்றால் 0.2க்கும் கீழே. 14.4ல் 1.2 போனால் மிச்சம் 13.2; அதில் ஈயப் பேட்டரி எந்த ஜென்மத்தில் நிறையும்? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரை வைத்துக் கேரவன் சார்ஜரை இணைத்துத் தருகிற பட்டறைகள் உண்டு. வயரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனாலும் காலையில் காலி

இது வரவுப் பிரச்சினை இல்லை, செலவுப் பிரச்சினை. புதியவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது?" கேஸ், வீட்டுக் கரண்ட், 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அந்த வசதி கார் ஓடும்போது மட்டும் பயன்படுத்தத்தான். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அந்த 50ஐ ஃபிரிட்ஜ் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடும். நிறுத்தியதும் சுவிட்சைத் திருப்ப மறந்தால் விடிவதற்குள் காலி.

ஃபிரிட்ஜ் இல்லை என்றால் சின்னச் சின்னத் திருட்டுகள். கேஸ் கசிவு அலாரம், ரேடியோவின் கடிகாரம், டிவி ஆன்டெனாவின் பூஸ்டர், எப்போதும் மின்னும் யுஎஸ்பி பிளக். எல்லாம் சேர்ந்து 0.3 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. ஒரு வாரத்தில் மேலே சொன்ன 50 போய்விடும். மாதம் ஒருமுறை மட்டும் வண்டியைத் தொடுகிறவர்கள் இதில்தான் பேட்டரியைக் கொல்கிறார்கள்.

கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி வையுங்கள். அந்த நேரத்தில் யாரும் பம்பையோ ஃபிரிட்ஜையோ தொடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களை ரொட்டி சானாய் வாங்க அனுப்புங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் ஆள் இருக்கிறான். கேஸ் அலாரம் என்றால் அதை அணைத்துவிட்டு உள்ளே தூங்காதீர்கள். வண்டியை வெறுமையாக நிறுத்தும்போது மட்டும் பேட்டரியைத் துண்டித்து வையுங்கள்.

எல்லாம் சரி, அப்போது பேட்டரிதான்

இத்தனையும் பார்த்த பிறகு பேட்டரி மேல் பழி போடலாம். ஒரு இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, பல மணி நேரம் ஓய்வில் விட்டு, 12.6 இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 5 ஆம்பியரை 20 மணி நேரம், 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தரும் என்பதே அதன் அர்த்தம். அவ்வளவு தூரம் இறக்க வேண்டாம். 55 வாட் கார் விளக்கு ஒன்றை மாட்டினால் ஏறத்தாழ அந்த 5 ஆம்பியர் வரும். பத்து மணி நேரம் எரிய விட்டு, அணைத்து, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து அளங்கள். 12.1 பக்கம் இருந்தால் ஆரோக்கியம். மூன்று மணி நேரத்திலேயே விளக்கு மஞ்சளானால் கடைக்குப் போகலாம்.

தண்ணீர் ஊற்றும் ரகம் என்றால் மூடியைத் திறந்து தகடு மூழ்கியிருக்கிறதா பாருங்கள். ஊற்றுவது வாலை வடித்த தண்ணீர் மட்டும். பைப் தண்ணீர் இல்லை, ஆசிட்டும் இல்லை.

நம் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜரின் 14.4 என்பது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. பேட்டரிப் பெட்டிக்குள் 35 டிகிரி என்றால் ஈயப் பேட்டரிக்குக் கால் வோல்ட் குறைவாகக் கொடுப்பதே நல்லது. வெப்ப உணரி உள்ள சார்ஜர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்; இல்லாத சார்ஜர் நம் ஊரில் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்கும். பெட்டியை வெயில் படாத பக்கம் திருப்பி நிறுத்துவது இலவச வைத்தியம். இரண்டு பேட்டரிகளைச் சேர்த்து மாட்டியிருந்தால் ஒன்றை மட்டும் புதுசாக்காதீர்கள். பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

வயர்மேனையோ பட்டறையையோ கூப்பிட வேண்டி வந்தால் "சார்ஜ் ஏறலை" என்று மட்டும் சொல்லாமல், அளந்த எண்களைச் சொல்லுங்கள்: ஓய்வில் இவ்வளவு, சார்ஜர் வாயில் இவ்வளவு, பேட்டரி முனையில் இவ்வளவு. நான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, மாதம் ஒருமுறை இந்த மூன்றையும் தேதியோடு எழுதுகிறேன். பாதி மணி நேரக் கூலி அதிலேயே மிச்சமாகிறது.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. ஈய ஆசிட் பேட்டரி மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவு. பேட்டரிக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். நான் என்னுடைய இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, ஏன் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். ஒன்றைத் திருப்பி எடுத்து வந்தேன். இப்போது அது பின்வாசல் விளக்குக்கு ஓடுகிறது.